மேல்காற்று ஊரில் கிட்டங்கிக்குப் பெரிய கதவு: தடிமனுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் பக்கத்தில் 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரத்தில் கிட்டங்கி கட்டப்போவதாகவும், உள்ளே விதை மூட்டைகளுக்காக 26 டிகிரியில் குளிரூட்டப் போவதாகவும், மேற்குச் சுவரில் 12 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட ஒரே கதவு வைக்க எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காற்றாலை உதிரிபாகங்களை வருடத்தில் சில முறை உள்ளே இறக்க வேண்டியிருப்பதால்தான் அந்த அகலம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இரும்பு வேலை செய்யும் ஃபேப்ரிகேட்டர் ஒற்றைத் தகட்டு நகர்கதவு போதும் என்கிறார். கதவு விற்பவரோ 80 மில்லிமீட்டர் நுரைப் பலகம் போட்டால் கரண்ட் பில் பாதியாகிவிடும் என்கிறார். விமானக் கொட்டகைகளுக்கு, அதாவது ஹேங்கர்களுக்குப் போடும் கதவையே போட்டுவிட்டால் என்ன என்பது உங்கள் மூன்றாவது கேள்வி.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே கதவை மூடிய நிலையில், காற்றே இல்லாத ஒரு நாளில் வைத்துப் பேசுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் அப்படிப்பட்ட நாள் குறைவு. விதைக் கிட்டங்கியில் மூடியே இருக்கும் கதவும் குறைவு. இங்கே பெரிய கதவு தின்னும் மின்சாரத்தைத் தீர்மானிப்பது முதலில் அது எவ்வளவு நேரம், எவ்வளவு அகலத்துக்குத் திறந்திருக்கிறது என்பது. அடுத்து, மூடிய பிறகு ஓரங்களில் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பது. அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. பலகத்தின் தடிமன் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. இதைக் கணக்கோடு சொன்னால்தான் நீங்கள் விற்பவரிடம் பேச முடியும் என்பதால் சில எண்களைப் போட்டே காட்டுகிறேன்.

வெளியே 36 டிகிரி, உள்ளே 26 டிகிரி, கதவின் பரப்பு 72 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒற்றைத் தகட்டுக் கதவின் யு மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வேறுபாட்டுக்குப் பாயும் வெப்பம், ஏறத்தாழ 6 வாட். ஆக மூடிய கதவின் வழியே நிழலில் வரும் வெப்பம் சுமார் 4.3 கிலோவாட். 40 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரைப் பலகத்தின் நடுப்பகுதிக்கு யு மதிப்பு ஏறக்குறைய 0.5தான், ஓரச் சட்டங்களையும் மூட்டுகளையும் சேர்த்து முழுக் கதவாகப் பார்த்தால் அது 1.0 அல்லது அதற்குச் சற்று மேலே நிற்கும். அப்படியானால் வரும் வெப்பம் 0.7 கிலோவாட்டை ஒட்டி அமையும். 80 மில்லிமீட்டருக்குப் போனால் பலகத்தின் யு மதிப்பு 0.27 அளவுக்கு இறங்கும். ஓரங்களை விட்டுவிட்டுப் பலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கூடுதலாகத் தடுக்கப்படும் வெப்பம் சுமார் 165 வாட். குளிரூட்டும் இயந்திரம் ஒரு அலகு மின்சாரத்தில் மூன்று அலகு வெப்பத்தை வெளியேற்றும் என்றால், அந்த 165 வாட்டுக்கு ஆகும் மின்சாரம் 55 வாட். ஒரு பழைய மின்விசிறி ஓடும் செலவுகூட இல்லை. கரண்ட் பில் பாதியாகும் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

இப்போது அதே கதவை முழுவதுமாகத் திறந்து வையுங்கள். காற்றே அசையாத நாளில்கூட உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கதவின் கீழ்ப்பாதி வழியே வெளியே வழிந்தோடும். மேல்பாதி வழியே சூடான காற்று உள்ளே புகும். ஆறு மீட்டர் உயரத்துக்கும் பத்து டிகிரி வேறுபாட்டுக்கும் இந்தப் பரிமாற்றம் வினாடிக்கு ஏறத்தாழ 20 கன மீட்டர் வருகிறது. அது கொண்டுவரும் வெப்பம் சுமார் 240 கிலோவாட். காற்றின் ஈரத்தை உலர்த்த ஆகும் செலவை இதில் சேர்க்கவே இல்லை. ஒற்றைத் தகட்டுக் கதவு மூடியபடி ஒரு மணி நேரத்தில் உள்ளே விடும் வெப்பத்தை, திறந்த வாசல் ஒரே நிமிடத்தில் விட்டுவிடுகிறது. நுரைப் பலகக் கதவோடு ஒப்பிட்டால் அந்த ஒரு நிமிடம் ஐந்தரை மணி நேரத்துக்குச் சமம். உங்கள் கிட்டங்கியின் மொத்தக் கொள்ளளவு 19,200 கன மீட்டர். லாரி ஒன்று உள்ளே வந்து திரும்பி நின்று கால் மணி நேரம் கதவு திறந்து கிடந்தால், குளிரூட்டிய காற்று முழுவதும் வெளியே போய்ப் புதுக்காற்று வந்திருக்கும். இது காற்று அசையாத நாளின் கணக்கு. ஆனி, ஆடியில் மேற்குக் கதவைத் திறந்துவைத்து, எதிர்ச்சுவரில் ஜன்னலோ லூவரோ திறந்திருந்தால் கால் மணி நேரமெல்லாம் தேவைப்படாது.

மூன்றாவது எண், இடைவெளி. கதவின் சுற்றளவு 36 மீட்டர். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அது 0.36 சதுர மீட்டர் ஓட்டை. வினாடிக்கு 5 மீட்டர் என்பது நம் பக்கத்துக்குச் சாதாரண மேல்காற்று. அது கதவின் மேல் சுமார் 15 பாஸ்கல் அழுத்தம் தரும். மறுபுறம் காற்று வெளியேற வழியிருந்தால், அந்த ஓட்டை வழியே வினாடிக்கு ஒரு கன மீட்டருக்குச் சற்று மேலாகவே காற்று நுழையும். அதன் வெப்பம் 13 கிலோவாட். தகட்டுக் கதவின் உடம்பு வழியே வரும் வெப்பத்தைப் போல் மூன்று மடங்கு அதன் ஓரங்கள் வழியே வருகிறது. 80 மில்லிமீட்டர் பலகத்தை வாங்கி ஓரத்தில் விரலளவு சந்து விடுவது ஓட்டைப் பானைக்கு மூடி தைப்பதாகிவிடும்.

மோட்டார் தின்னும் மின்சாரத்தைப் பற்றியும் சிலர் கவலைப்படுகிறார்கள். சதுர மீட்டருக்கு 13 கிலோ என்று வைத்தால் முழுக் கதவு 940 கிலோ. அதை ஆறு மீட்டர் தூக்க ஆகும் ஆற்றல், எதிரெடை ஸ்பிரிங்கே இல்லாவிட்டாலும், ஒரு யூனிட்டில் நூறில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். ஒரு நிமிடம் திறந்து கிடந்தால் நுழையும் வெப்பத்தை வெளியேற்ற ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகிறது. ஆகவே மோட்டாரில் சிக்கனம் பார்க்காமல் வேகத்தில் பணம் போடுங்கள். பலகங்கள் கீலால் இணைந்து மடிந்தபடி மேலேறும் சாதாரண மடிப்புப் பலகக் கதவு வினாடிக்கு 20 சென்டிமீட்டர் ஏறும். ஆறு மீட்டர் ஏற அரை நிமிடம், இறங்க அரை நிமிடம். அதிவேகக் கதவுகள் வினாடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் வரை ஏறுகின்றன. வேகத்தின் உண்மையான பலன் வேறொன்று: மெதுவான கதவை ஆட்கள் மூடவே மாட்டார்கள். அடுத்த லாரி இப்போது வந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள், அதுவும் மாலை வரை வந்துகொண்டே இருக்கும்.

இனிக் காற்று. செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் மேற்குத் தொடர்ச்சி மலையில் நமக்கென்று திறந்து வைத்த இரண்டு வாசல்கள். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில், அந்த வாசல்கள் வழியே குறுகி வேகமெடுத்து வரும் காற்றுதான் கயத்தாறு, பணகுடி, இராதாபுரம், முப்பந்தல் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்றாலைகளைச் சோதிக்கும் தேசிய நிலையம் கயத்தாற்றில் அமைந்ததும் அதனால்தான். கங்கைகொண்டானும் அந்தப் பாதையை ஒட்டியே இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பேச்சு இங்கே கட்டடக் கணக்கில் சேர்க்க வேண்டிய விஷயம்.

கணக்கில் இரண்டு வேகங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது, கதவு மூடிய நிலையில் தாங்க வேண்டிய உச்சக் காற்று. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதன் வரைபடத்தில் தமிழகத்தின் தென்கோடிக்கு அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அதிலிருந்து கிடைக்கும் அழுத்தம் சுமார் 910 பாஸ்கல். 72 சதுர மீட்டரில் அது ஆறரை டன்னுக்கு மேற்பட்ட விசை. நிலத்தின் தன்மை, உயரம், சுவரில் கதவின் இடம் ஆகியவற்றுக்கான கெழுக்களைப் பொறியாளர் இதில் பெருக்கிக் கூட்டியும் குறைத்தும் கொள்வார். இரண்டாவது, கதவு நகர வேண்டிய காற்று. ஆடி மாதப் பிற்பகலில் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசும் ஒரு வீச்சு 135 பாஸ்கல், அதாவது உங்கள் கதவின் மேல் ஒரு டன் தரும். அந்த ஒரு டன் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருக்கும்போது கதவு தன் வழிகாட்டிகளில் உரசாமல் ஓடுமா என்பதே கேள்வி. விற்பவர்கள் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள். இரண்டாவதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காற்றைத் தாங்காத கதவு தான் மட்டும் போவதில்லை. சுவரின் பரப்பில் ஐந்து சதவீதத்துக்குள் திறப்புகள் இருந்தால் உள்ளழுத்தக் கெழு 0.2, இருபது சதவீதத்தைத் தாண்டிப் பெரிய திறப்பு ஏற்பட்டால் 0.7 என்று அதே தரநிலை சொல்கிறது. காற்றடிக்கும் பக்கத்துக் கதவு பிய்ந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலிருந்து உறிஞ்சும் விசையும் அதோடு சேரும். கூரை பறந்ததாகச் செய்தி வரும் பல இடங்களில் முதலில் போனது கதவாகத்தான் இருக்கும். எனவே உங்கள் கட்டமைப்புப் பொறியாளர், கதவு வலுவாக மூடியிருக்கும் என்று நம்பிக் கூரையைக் கணக்கிட்டாரா, திறந்திருக்கவும் கூடும் என்று கணக்கிட்டாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சாலையோரக் கிட்டங்கிகளில் ரோலிங் ஷட்டர் என்ன ஆகிறது என்று ஆடியில் ஒரு பிற்பகல் நின்று பாருங்கள். அகலமான ஷட்டரின் நடுப்பகுதி காற்றின் ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே உப்பி வெளியே வாங்கும். உப்பும்போது ஒவ்வொரு பட்டையின் இரு முனைகளும் வழிகாட்டிச் சானலுக்குள்ளிருந்து சிறிது சிறிதாக வெளியே இழுபடும். சானலின் உட்புறத்தில் பெயிண்ட் போய்ப் பளபளவென்று தேய்ந்திருக்கும் கோடு, பட்டை எவ்வளவு தூரம் வந்துபோகிறது என்பதை அப்படியே காட்டும். ஒரு பட்டை முழுவதுமாக வெளியே வந்துவிட்டால், அடுத்தடுத்த பட்டைகளும் பின்தொடர்ந்து ஷட்டரே கழன்று தொங்கும். பட்டை முனைகளில் கொக்கி போன்ற காற்றுப் பூட்டு வைத்தால் இது நிற்கும். ஆனாலும் நூற்றுக்கணக்கான பட்டை மூட்டுகளில் ஒழுகும் காற்றை யாரும் அடைக்க முடியாது. குளிரூட்டிய கிட்டங்கிக்கு வெறும் ஷட்டரை நான் பரிந்துரைப்பதில்லை.

பலகக் கதவும் காற்றில் வளையும்; அந்த வளைவு அகலத்தின் நான்காம் அடுக்கில் கூடும். ஒரே குறுக்குவெட்டுள்ள பலகம், ஒரே காற்று, அகலம் மட்டும் 6 மீட்டரிலிருந்து 12 மீட்டரானால் நடுவில் வளைவு பதினாறு மடங்கு. இதைச் சமாளிக்கப் பலகத்தின் பின்னால் கனத்த விட்டங்கள் வேண்டும், எடை கூடும், ஸ்பிரிங், கேபிள், மோட்டார் எல்லாம் பெரிதாகும். அத்தனை செய்தும், வளையும் பலகத்தின் ஓரம் ரப்பரை விட்டு விலகினால் நாம் மேலே போட்ட 13 கிலோவாட் கணக்கு மறுபடியும் வந்து நிற்கும்.

காற்றைப் போல வெயிலும் பலகத்தை வளைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேற்கு வெயிலில் அடர்நிறப் பலகத்தின் வெளித்தகடு 60 டிகிரியைத் தொடும். உள்தகடு குளிரூட்டிய அறையை ஒட்டி 26 டிகிரியில் நிற்கும். வெளித்தகடு நீள, உள்தகடு நீளாதிருக்க, நடுவில் நுரை இரண்டையும் பிடித்திருப்பதால் பலகம் வெளிப்பக்கம் வில்லாகும். 6 மீட்டர் நீளமுள்ள 40 மில்லிமீட்டர் பலகத்தைத் தடுக்காமல் விட்டால் அந்த வில் நடுவில் 46 மில்லிமீட்டர் வரும். 12 மீட்டருக்கு அது நான்கு மடங்கு. தடித்த பலகத்துக்கு ஆதரவாக நான் ஏற்கும் நியாயம் இதுதான்: தடிமன் இரட்டித்தால் இந்த வளைவு பாதியாகும். ஆனால் வெள்ளையோ வெளிர்சாம்பலோ அடித்து, கதவை மேற்கிலிருந்து திருப்பிவிட்டால், அதைவிடக் குறைந்த செலவில் வேலை முடிந்துவிடும்.

ஆகவே திசையை மாற்றுங்கள். இன்னும் அஸ்திவாரம் போடவில்லை என்பதால் இது இலவசம். மேற்குச் சுவர் நான்கு மாதம் காற்றையும், வருடம் முழுவதும் பிற்பகல் வெயிலையும் வாங்குகிறது. ஒற்றைத் தகட்டுக் கதவு மேற்கில் இருந்து, வெயிலில் 60 டிகிரிக்குக் காய்ந்தால், அது உள்ளே விடும் வெப்பம் நான் முதலில் சொன்ன 4.3 கிலோவாட் அல்ல, கிட்டத்தட்ட 20 கிலோவாட். ஃபேப்ரிகேட்டரின் யோசனை தோற்பது இங்கேதான். கிழக்குச் சுவரில் காலை வெயிலும், ஐப்பசி கார்த்திகையில் கொண்டல் மழையும் விழும். திருநெல்வேலி 8.7 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே பதினைந்து பாகை தள்ளி நிற்கிறது. டிசம்பரில் தெற்கே 32 பாகை சாய்கிறது. ஆறு மீட்டர் உயரக் கதவுக்கு நடுப்பகலில் முழு நிழல் தர வடக்குச் சுவரில் 1.6 மீட்டர் சாய்ப்பு போதும். தெற்குச் சுவரில் 3.75 மீட்டர் வேண்டும். நான் வடக்கைத் தேர்ந்தெடுப்பேன். சாய்ப்பை இரண்டரை மீட்டராக நீட்டி, கதவின் கிழக்கு ஓரத்தில் ஒரு பக்கச் சுவரும் இறக்கினால் வடகிழக்கு மழையின் சாரலும் பெரும்பாலும் அடங்கும். சாய்ப்பைக் காற்று கீழிருந்து தூக்கும் என்பதால் அதையும் பொறியாளரின் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஹேங்கர் கதவுகளுக்கு வருகிறேன். விமானக் கொட்டகைகளில் மிகுதியாகக் காண்பது தரையில் பதித்த தண்டவாளத்தின் மேல் சக்கரத்தில் ஓடும் பல இலைக் கதவு, அதாவது பல தனிப் பலகங்களாகப் பிரிந்த கதவு. எடை முழுவதும் தரைக்குப் போகிறது. மேலே இருப்பது பக்கவாட்டு வழிகாட்டி மட்டும். எவ்வளவு அகலத்துக்கும் போகலாம், பழுதானால் ஆட்கள் தள்ளியே மூடலாம், பாகங்கள் எளியவை. ஆனால் ஆற்றல் சிக்கனத்தின் கண்ணால் பார்த்தால் அதன் சிக்கல் மேல் விளிம்பில் இருக்கிறது. வாசலுக்கு மேலே கூரையைத் தாங்கும் 30 மீட்டர் வீச்சுள்ள இரும்புச் சட்டகம், அதாவது ட்ரஸ், காற்றிலும் சுமையிலும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஏறி இறங்க அனுமதி உண்டு. கதவோ தரையில் நிற்கிறது, அசைவதில்லை. இறுக்கமாக வைத்தால் ட்ரஸ் கதவின் தலையில் உட்கார்ந்துவிடும். தளர்வாக வைத்தால் காற்று புகும். வழிகாட்டிச் சக்கரம் மேலும் கீழும் வழுக்கிக்கொள்ளும் ஆழமான சானலையும், அந்த முழு அசைவுக்கும் தொட்டுக்கொண்டே இருக்கும் நீண்ட ரப்பர் மடலையும் வரைபடத்திலேயே கேட்க வேண்டும். இலைகள் ஒன்றன்முன் ஒன்றாக வெவ்வேறு தண்டவாளத்தில் நிற்பதால், அவற்றுக்கு இடையிலான செங்குத்துச் சந்துகளுக்கும் அதே மடல் வேண்டும். கீழே தண்டவாளப் பள்ளம் நம் செம்மண் புழுதியிலும் மழையிலும் நிரம்பும். அதற்கு வடிகால் சரிவு இல்லாவிட்டால் முதல் ஐப்பசியிலேயே சக்கரம் சேற்றில் ஓடும்.

நீரியல் (ஹைட்ராலிக்) தண்டால் ஒரே பலகமாக வெளியே தூக்கி நிறுத்தும் கதவு பார்க்க அழகாக இருக்கும். மூடும்போது நன்றாக இறுகவும் செய்யும். ஆனால் தூக்கி நிறுத்திய நிலையில் அது விரித்த கப்பற்பாய். மேல்காற்றுச் சீமையில் அதை வைக்க எனக்கு மனம் வராது. நடுவில் மடிந்து ஏறும் இருமடிக் கதவு வெளியே பாதியளவுதான் நீட்டும் என்பதால் கொஞ்சம் தேவலாம். இரண்டடுக்குப் பூச்சுத் துணியை அலுமினியக் குறுக்குவிட்டங்களில் கட்டி மேலே மடிந்தேறச் செய்யும் துணிக்கதவு, அகலமான ஹேங்கர்களுக்கு நல்ல தீர்வு: தரையில் தண்டவாளம் இல்லை, எடை குறைவு, ஓரங்களில் நன்றாக இறுகும். நுரைப் பலகத்தைவிட வெப்பத் தடை குறைவுதான். ஆனால் மேலே போட்ட கணக்குகளைப் பார்த்தவர் அதற்காக அதைத் தள்ளிவிட மாட்டார்.

ஹேங்கர்காரர்களிடம் நாம் உண்மையில் கற்க வேண்டியது கதவின் வகையை அல்ல, திறப்பின் வடிவத்தை. அமெரிக்காவில் கென்னடி விண்வெளி மையத்தில் ராக்கெட்டுகளை நிறுத்திப் பொருத்தும் கட்டடத்தின் கதவுகள் 139 மீட்டர் உயரம். முழுவதும் திறக்க முக்கால் மணி நேரம் ஆகும். அவை கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும், தலைகீழ் ‘டி’ எழுத்துப் போல அமைந்தவை. கீழ் இலைகள் பக்கவாட்டில் நகரும், மேல் இலைகள் செங்குத்தாக ஏறும். உள்ளே போகும் பொருளின் வடிவத்துக்கு மேல் திறப்பதில்லை. நம் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். 72 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இறக்கை வீச்சு 27.05 மீட்டர், வால் உயரம் 7.65 மீட்டர். முழு அகலத்துக்கும் வாலுயரத்துக்குத் திறந்தால் 30-க்கு 9 என்று 270 சதுர மீட்டர். இறக்கைக்கு ஆறு மீட்டர் உயரம் விட்டு, வாலுக்கு மட்டும் நடுவில் ஒன்பது மீட்டர் அகலத் தனிக்கதவை மேலே மூன்று மீட்டருக்கு வைத்தால் 207. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு திறப்பு குறைகிறது. கதவின் எடையும் காற்றுச் சுமையும் அதே அளவில் இறங்குகின்றன.

உங்களுக்கும் அதே பாடம்தான் பொருந்தும். 12 மீட்டர் வருடத்தில் சில நாள் தேவை. மற்ற நாளெல்லாம் வருவது லாரி. சாலை விதிகளின்படி லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டாது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வரும் உயரமான நாற்பதடிக் கன்டெய்னரும் 2.44 மீட்டர் அகலம், 2.9 மீட்டர் உயரம்தான். வடக்குச் சுவரில் 12 மீட்டர் வாசலை வைத்து, நடுவில் கழற்றக்கூடிய தூண் ஒன்றை நிறுத்தி, இருபுறமும் ஆறு ஆறு மீட்டரில் 40 மில்லிமீட்டர் மடிப்புப் பலகக் கதவுகளைப் போடுங்கள். பெரிய பாகம் வரும் நாளில் தூணைத் தூக்கிக்கொள்ளலாம்; அந்த நாளில் மட்டும் குளிரூட்டியை நிறுத்திவிடுங்கள். காற்றடிக்கும் நாளில் தூண் இல்லாமல் கதவுகளை மூடி வைக்கக்கூடாது என்பதை அங்கேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அன்றாடச் சரக்குக்கு, அதே வடக்குச் சுவரில் லாரித் தளத்தின் உயரத்துக்குத் திண்டு கட்டி, 2.75 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் இரண்டோ மூன்றோ சிறு கதவுகள் வைத்து, லாரியின் பின்புறம் பொருந்தி இறுகும் பஞ்சு மெத்தைச் சட்டங்களை வெளியே போடுங்கள். 72 சதுர மீட்டருக்குப் பதில் எட்டேகால் சதுர மீட்டர் திறக்கும். அதையும் லாரியின் உடம்பே அடைத்துக்கொள்ளும். ஆள் போய்வரத் தனிக் கதவு கட்டாயம். டீக்காரர் உள்ளே வர ஆறு மீட்டர் கதவு ஏறுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

வாசலுக்கு மேலிருந்து காற்றை ஊதி வெளிக்காற்றைத் தடுக்கும் காற்றுத் திரை இயந்திரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்று மீட்டர் உயரச் சிறு கதவில், காற்றுப்படாத பக்கத்தில் அது பயன்படும். ஆறு மீட்டர் வாசலில், மேல்காற்றுக்கு நேரே வைத்தால், அது மின்சாரம் தின்றதுதான் மிச்சம். பிளாஸ்டிக் பட்டைத் திரையை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் ஒரு மாதத்தில் சுருட்டிக் கட்டிவிடுவார்கள்.

பலகத்தைப் பொறுத்தவரை தடிமனைவிட விளிம்பைப் பாருங்கள். வெளித்தகடும் உள்தகடும் ஓரத்தில் ஒன்றையொன்று தொட்டால் நுரையைச் சுற்றிக்கொண்டு வெப்பம் இரும்பு வழியே ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு இருக்க வேண்டும். வெளிச்சத்துக்குப் பாலிகார்பனேட் பட்டை வைப்பதானால் கண்மட்டத்தில் ஒரு வரிசை போதும். தரைமட்டத்தைச் சாலையைவிட உயர்த்திக் கட்டுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழைக்கு எந்த ரப்பரும் பதில் சொல்லாது. வாசலுக்கு வெளியே குறுக்காக வடிகாலும், தரையில் வெளிப்பக்கச் சரிவும் கட்டாயம். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் என்றால் உப்புக்காற்றுக்காகத் துத்தநாகப் பூச்சின் கனத்தை நான் முதலில் பேசியிருப்பேன். கங்கைகொண்டானுக்கு அது அவ்வளவு நெருக்கடியில்லை.

விலைப்புள்ளி கேட்கும்போது ‘நல்ல கதவு’ என்று எழுதாதீர்கள். பெரிய கதவுகளுக்கு ஐரோப்பியத் தரநிலைகள் வகுத்த வகுப்புகளை இங்குள்ள விற்பனையாளர்களும் அறிவார்கள். காற்றுத் தாங்குதிறனுக்கு ஈ.என். 12424: மூன்றாம் வகுப்பு 700 பாஸ்கல், நான்காம் வகுப்பு 1,000 பாஸ்கல். உங்களுக்கு நான்கு வேண்டும். காற்றுக் கசிவுக்கு ஈ.என். 12426: 50 பாஸ்கல் அழுத்தத்தில், ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மணி நேரத்தில் இரண்டாம் வகுப்பு 12 கன மீட்டரும் மூன்றாம் வகுப்பு 6 கன மீட்டரும் விடும். மூன்றைக் கேளுங்கள். யு மதிப்பு பலகத்துக்கா முழுக் கதவுக்கா என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஸ்பிரிங் எத்தனை ஏற்ற இறக்கத்துக்கு உத்தரவாதம் என்பதும் முக்கியம்: ஒரு நாளைக்கு நாற்பது முறை, வருடத்தில் 300 நாள் என்றால் 12,000 ஆகிறது, 20,000 முறைக்கான ஸ்பிரிங் இரண்டு வருடம்கூட வராது. ஸ்பிரிங் அறுந்தால் கதவு விழாமல் பிடிக்கும் கருவி, கீழ்விளிம்பில் தடை உணரி, கரண்ட் போனால் இறக்க கைச்சங்கிலி ஆகிய மூன்றும் விலைக்குள்ளேயே இருக்கட்டும்.

பத்து சதவீதப் பணத்தைக் கையில் நிறுத்தி வைத்து, கதவை இரண்டு விதமாகச் சோதித்து வாங்குங்கள். நடுப்பகலில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டுக் கதவை மூடி நின்றால், ஓரங்களில் எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் ரப்பர் தொடவில்லை. கோடு தெரியாத இடத்திலும், காற்றுள்ள மாலையில் ஊதுபத்தியைக் கீழ் ரப்பரின் நெடுகிலும், பிறகு மேல்மூலைகளிலும் மெல்ல நகர்த்திக்கொண்டு போனால் புகை சட்டென்று வளையும் இடம் தெரிந்துவிடும். சாக்பீஸால் அங்கே குறியிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது கீழ்மூலைகளிலும், தூணும் கதவும் சேரும் இடத்திலும் இருக்கும். முடிந்தால் கதவு பொருத்தும் வேலையைச் சித்திரை வைகாசிக்குள் முடித்து, மீதிப் பணத்தை ஆடி கழிந்தபின் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.